முப்பத்தொன்றாம் ஆணி

சிறப்பு விருந்தினர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு, பளபளவென்று துடைத்த ஷூவின் முனையால் கியர் லிவரை அழுத்தினார். டக்கென்று முதல் கியர் விழுந்தது. மெல்லக் கிளட்சை விட்டார். வண்டி நடு ஸ்டாண்டில் நின்றதால் பின்சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் சுழன்றது.

"எவ்வளவு ஸ்மூத்தா விழுது! இது யாரு செஞ்சது?"

கயிற்றுக்கு அப்பால் வெள்ளைச் சட்டையில் நின்ற ஏழு பேரில் ஒருவர் கையைத் தூக்கினார். சவரிமுத்து. ஐம்பது வயதுக்கு நரை கொஞ்சம் அதிகம்.

"வெளிய வந்தா நீ ஒர்க்‌ஷாப் வெச்சுடலாம்யா."

"வெளிய விடுங்கய்யா. நாளைக்கே வெச்சுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிறைக் கண்காணிப்பாளர்கூடச் சிரித்தார். ஆக்சிலேட்டரை விருந்தினர் ஒருமுறை முறுக்கினார். அந்தச் சத்தம் மதிலில் மோதித் திரும்பியதும், பூட்டிய பிளாக்குகளுக்குள் இருந்தவர்கள் அலுமினியத் தட்டுகளைக் கம்பியில் அடித்தார்கள். நூற்றுக்கணக்கான தட்டுகள். சூடான பெட்ரோல் வாடை, புதுப் பெயின்ட் வாடை, அந்தத் தட்டுச் சத்தம்: மூன்றும் சேர்ந்தேதான் எனக்கு நினைவுக்கு வரும்.

நான் வண்டிக்கு மறுபக்கம், கையில் பட்டியலோடு நின்றிருந்தேன். அன்றைக்கு என்னைவிடப் பெருமைப்பட்ட ஆள் அங்கே இல்லை.

தேதி என் டைரியில் இருக்கிறது. இங்கே வேண்டாம். ஒரு கோடை, ஒரு சனிக்கிழமை. இத்தனை வாரங்களாக இந்த இதழின் பக்கங்களில் நான் ஜெயித்த நாள்களையே எழுதி வந்திருக்கிறேன். இது அப்படிப்பட்ட நாள் அல்ல.

கதவு திறந்த விதம்

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் ஸ்ரீரங்கத்துக்காரன். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் இருசக்கர வாகனப் பிரிவு ஆசிரியர். திங்கள், புதன், சனி மூன்று நாளும் ஒரு சிறைச்சாலைக்குள் இருக்கும் பட்டறையில் வகுப்பெடுக்கிறேன். ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். எந்தச் சிறை என்று எழுதப்போவதில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், அவ்வளவு போதும்.

போலீஸ் ஸ்டேஷன் வாசல்களில் வருஷக்கணக்கில் கிடந்து துருப்பிடித்த, கேட்பாரற்ற வண்டிகள் ஏழு எங்களுக்கு வந்தன. அவற்றைக் கழற்றி, வெட்டி, ஒட்டவைத்து, கடையில் கிடைக்காத ஏழு வண்டிகளாக மாற்ற வேண்டும். நகரத்து பைக் பிரியர்களின் கிளப் ஒன்று தங்கள் வண்டிகளையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தும். உள்ளேயே கண்காட்சி. யாருடைய யோசனையோ, நல்ல யோசனைதான். நான்கு மாதம் உழைத்தோம்.

கிளப்காரர்கள் பதினொரு வண்டிகளோடு வந்தார்கள். சிறையின் பெரிய கதவு தினமும் திறக்காது. அதிலுள்ள திட்டிவாசல் வழியாகக் குனிந்துதான் எல்லோரும் போய் வருவோம். கொம்பு மாதிரி உயர்ந்த ஹேண்டில்பார் வைத்த வண்டி அதில் எப்படிப் போகும்? பெரிய கதவைத் திறந்தார்கள். வெளிக்கதவு, உள்கதவு என்று இரண்டு. ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எழுதி, டேங்கில் ஒரு டம்ளர் அளவு விட்டுவிட்டு மீதிப் பெட்ரோலை உறிஞ்சி எடுத்தார்கள்.

அந்த வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டிருந்த ஒருவர், வண்டியை உள்ளே நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் ஹேண்டில் லாக் போட்டுச் சாவியை எடுத்தார். இல்லவாசிகள் (கைதி என்று இப்போது சொல்வதில்லை, இல்லவாசி என்றே சொல்ல வேண்டும்) கூட்டமாகச் சிரித்தார்கள்.

"அண்ணே, பயப்படாதீங்க. இங்கயிருந்து வண்டி எங்க போயிடும்?"

வார்டர் பழனிவேல் தன் பங்குக்குச் சொன்னார்: "சார், ஊர்ல இருக்கிற திருடன் எல்லாம் உள்ளதான் இருக்கான். வெளிய நிறுத்தினாத்தான் லாக் போடணும்."

நாற்பத்தாறு

பட்டறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. நான் வைத்தது. நாற்பத்தாறு ஆணி, நாற்பத்தாறு கருவி. ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருக்கும். பலகையில் அந்தந்தக் கருவியின் உருவத்தை வெள்ளைப் பெயின்டால் வரைந்திருந்தேன். ஆணி காலியாக இருந்தால் வெறும் உருவம் பல்லை இளிக்கும்.

சிறையில் ஒரு ஸ்பானர் என்பது வெறும் ஸ்பானர் அல்ல. அதனால் மாலை ஐந்து மணிக்குப் பலகையை எண்ணி முடிக்காமல் யாரும் பட்டறையை விட்டுப் போக முடியாது. பலகைக்குப் பொறுப்பு சவரிமுத்து. அவர் எண்ணைச் சொல்லி "இருக்கு" என்பார், நான் பதிவேட்டில் டிக் அடிப்பேன். ஒன்று இருக்கு, இரண்டு இருக்கு. நாற்பத்தாறு வரை. மூன்று நிமிடம் ஆகும்.

கருவி பழுதானால் பழுதுப் பெட்டியில் போட்டுவிட்டு, காலி ஆணியில் எண்ணோடு ஒரு தகரச் சீட்டு மாட்டுவோம். சீட்டு தொங்கினாலும் "இருக்கு"தான். மாதக் கடைசியில் பழுதானதையெல்லாம் மொத்தமாகப் பதிவேட்டில் எழுதிக் கழிப்பேன். இது நானே ஏற்படுத்திக்கொண்ட முறை. யாரும் சொல்லித் தரவில்லை.

துல்லியம் என்பது என்னிடம் ஒரு குணமாக இருந்ததா, வியாதியாக இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஒரு செய்முறைத் தேர்வில், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய பையன் ஒருவன் ஒரு வாஷரை மேஜையிலேயே விட்டுவிட்டான். வண்டி நன்றாக ஓடியது. அரை மார்க் குறைத்தேன். அந்த அரை மார்க்கில் அவன் தேறவில்லை. பிறகு மணப்பாறைப் பக்கம் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். "சார், சக்கரை எண்ணித்தான் போட்டிருக்கேன்" என்றான். அன்று அதை நகைச்சுவையாக டைரியில் எழுதிவைத்தேன்.

என் மனைவி வைதேகி வேறு மாதிரி சொல்வாள். "வைகுண்ட ஏகாதசிக்கு வாசல் திறக்கறச்சே பெருமாள் ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு எழுதி வெச்ச மனுஷர்தானே நீங்க."

எழுதியது உண்மைதான்.

சவரிமுத்துவின் திங்கட்கிழமை

சவரிமுத்து மணப்பாறைக்குத் தெற்கே ஒரு கிராமம். பம்ப்செட் மெக்கானிக். பொதுக் கிணற்றில் முறைத்தண்ணீர் தகராறு. கையில் பைப் ரிஞ்ச் இருந்தது. பெரியப்பா மகன் எழுந்திருக்கவில்லை. ஆயுள் தண்டனை. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், இதே அளவு வார்த்தைகளில்.

அவர் உள்ளே வந்த மூன்றாம் வருஷம் மனைவி காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் பிலோமினா. கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்து, அங்கேயே துறவறத்துக்குப் போக முடிவு செய்தாள்.

கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பு, டேங்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"சார், பாப்பாவுக்கு முதல் வார்த்தைப்பாடு சார். கண்காட்சி முடிஞ்ச திங்கக்கிழமை, காலையில பத்து மணிப் பூசை."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். சிஸ்டராவதற்கு வாக்குக் கொடுக்கிற நாள். பூசையில் அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நடந்து மகளைப் பீடத்துக்குக் கூட்டிப் போவார்கள். தலைமைச் சிஸ்டரிடம் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

"எங்க பக்கம் கல்யாணத்துல தாரை வார்க்கிற மாதிரியா?"

"அதேதான் சார். ஆனா இதுல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தகராறு பண்ண மாட்டாங்க." சிரித்தார். பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவ அம்மா இல்லை. நான் ஒருத்தன்தான். அதுக்கப்புறம் வடக்க அனுப்பிடுவாங்க. எப்ப வருவான்னு தெரியாது."

வழிக்காவலோடு அரை நாள் வெளியே போய்வர மனுப் போட்டிருந்தார். கண்காணிப்பாளர் நல்லவிதமாகத்தான் இருந்தார். "ஷோ முடியட்டும். சனிக்கிழமை சாயந்தரம் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று என் முன்னால் சொன்னார். சவரிமுத்து அதன் பிறகு வேலை செய்த வேகத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வீல் ஸ்போக்குகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தார்.

அந்த நாள்களில்தான் ஒரு மத்தியானம், பதினேழாம் நம்பர் ஸ்பானர் ஒன்றின் வாய் விரிந்துவிட்டது. பலகையில் அதன் எண் முப்பத்தொன்று.

"சார், இதை வளைச்சு வெல்டு வெச்சா கியர் லிவருக்குக் கனகச்சிதமா இருக்கும். குடுக்கிறீங்களா?"

கொடுத்தேன். ஆணியில் சீட்டு மாட்டினேன். அன்று டைரியிலும் எழுதினேன். பதிவேட்டில் மாதக் கடைசியில்தானே எழுதுவேன். சவரிமுத்து அதை வளைத்து, ஒட்டி, கறுப்பு அடித்து, வண்டியில் பூட்டினார். பூட்டிய மறுநாளிலிருந்து என் கண்ணுக்கு அது லிவர். ஸ்பானராக இருந்தது என்பதே நினைவை விட்டுப் போய்விட்டது.

அழகுக்காக

கண்காட்சிக்கு முந்தின நாள், வகுப்பு இல்லாவிட்டாலும் போயிருந்தேன். விருந்தினர்கள் பட்டறையையும் சுற்றிப் பார்ப்பார்கள் என்றார்கள். பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தோம். துருப்பிடித்த தகரச் சீட்டுகள் மூன்று தொங்கின. அசிங்கமாக இருந்தன.

அன்றைய எண்ணிக்கை முடிந்ததும் நான்தான் கழற்றினேன். என் மேஜை டிராயரில் போட்டேன்.

சவரிமுத்து பக்கத்திலேதான் இருந்தார். "சார், சீட்டு?" என்று கேட்டார்.

"ஒரு நாளைக்குத்தானே" என்றேன்.

மாலை எண்ணிக்கை

கண்காட்சி மூன்று மணிக்கு முடிந்தது. எங்கள் ஏழு வண்டிகளையும் கிளப்காரர்கள் தங்கள் இடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கக் கேட்டிருந்தார்கள். நான்கு மணிக்கு லாரி வந்தது. வண்டிகள் இரண்டு கதவுகளையும் தாண்டி வெளியே போனதைச் சவரிமுத்து கயிற்றோரம் நின்று பார்த்தார். "நமக்கு முன்னாடி ரிலீஸ் ஆயிடுச்சு பாருங்க" என்று யாரோ சொன்னார்கள்.

ஐந்து மணி. பலகை முன் நின்றோம்.

"இருபத்தொம்பது, இருக்கு. முப்பது, இருக்கு." நிறுத்தினார். "முப்பத்தொண்ணு..."

என்னைப் பார்த்தார்.

"என்ன, இல்லையா?"

"ஆணியில இல்லைங்க சார்."

"பழுதுப் பெட்டியைப் பாருங்க."

பெட்டியில் இரண்டு கருவிகள் இருந்தன, முப்பத்தொன்று இல்லை. நாற்பத்தாறுக்கு ஒன்று குறைந்தது. டிராயரில் மூன்று சீட்டு கிடந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணவில்லை.

சிவப்பு மையில் எழுதினேன்: 31 இல்லை. கீழே கோடும் போட்டேன்.

பழனிவேல் எட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, எழுதிட்டீங்களா? ஒருதடவ தேடிட்டு எழுதியிருக்கலாம்ல?"

"இல்லாததை இருக்குன்னு எழுத முடியாதுங்க."

இந்த வாக்கியத்தை நான் பெருமையாகச் சொன்னேன். குரல்கூட நினைவிருக்கிறது.

விசில் அடித்தது. பிளாக்குகளைப் பூட்டினார்கள். ஏழு பேரையும் வரிசையாக உட்காரவைத்துச் சோதனை போட்டார்கள். ஜெயிலர் வந்தார். நேரே சவரிமுத்துவிடம் போனார்.

"அன்னிக்கு ரிஞ்சு, இன்னிக்கு ஸ்பானரா? யாருக்குடா எடுத்து வெச்சிருக்க?"

"யாருக்கும் எடுக்கலீங்கய்யா."

"பலகை உன் பொறுப்புதானே?"

"ஆமாங்கய்யா."

"அப்ப எங்க போச்சு?"

சவரிமுத்து மறுபடி என்னைப் பார்த்தார். "சார் எழுதினா சரியாத்தான்யா இருக்கும்" என்றார்.

அதை எனக்குக் கிடைத்த நற்சான்று என்று நினைத்தேன்.

கண்காணிப்பாளரின் மேஜையில் அனுமதிக் காகிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. பேனாவை மூடி வைத்தார். "ஆயுதம் ஒண்ணு உள்ள எங்கேயோ இருக்கு. இந்த நிலைமையில எவனையும் வெளிய அனுப்ப முடியாது. அதுவும் அவனை." அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. என் பதிவேட்டை நம்பினார், அவ்வளவுதான்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரத்துப் பேப்பர் துணுக்குகளை வெட்டி டைரியில் ஒட்டுவது என் வழக்கம். கண்காட்சிப் படம் உள்பக்கத்தில் பெரிதாக வந்திருந்தது. கத்தரிக்கோலால் ஓரம் பார்த்து வெட்டினேன். கோந்து தடவி ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தேன்.

படத்தில் விருந்தினரின் ஷூ. அதன் கீழே கியர் லிவர். அதன் நுனியில் விரிந்த வாய், கறுப்புப் பெயின்டுக்கு அடியில்.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். என் கையெழுத்து, என் வரி: "31 வாய் விரிந்தது. கியர் லிவருக்கு ஆகும் என்று சவரிமுத்து கேட்டார். கொடுத்தேன். சீட்டு மாட்டியாயிற்று. மாதக் கடைசியில் எழுத வேண்டும்."

மணி ஒன்பதரை. திங்கள் பத்து மணிக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது.

வைதேகியிடம் சொன்னேன். "கண்காணிப்பாளர் நம்பர் இருக்கோல்லியோ? போன் பண்ணுங்கோ" என்றாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எழுத்துல கொடுக்கணும்."

"எழுத்துல நாளைக்குக் கொடுங்கோ. வாயால இப்பச் சொல்லுங்கோ."

"அரசாங்கச் சொத்தை எழுத்து அனுமதி இல்லாம இல்லவாசிகிட்ட கொடுத்திருக்கேன். போன்ல சொல்ற விஷயமா இது?"

"ஒப்பந்தம் அடுத்த மாசம்தானே?" என்றாள். பதில் எதிர்பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதுதான் உண்மை. ஒப்பந்தம் அடுத்த மாதம். இத்தனை வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத பெயர். போனைக் கையில் எடுத்தேன். எண்ணைத் தேடி எடுத்தேன். அழுத்தினேன். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதினேன். முதல் நகலில் "நான் மறந்துவிட்டேன்" என்று இருந்தது. இரண்டாவதில் "கவனக்குறைவால் நேர்ந்தது". மூன்றாவதில் சவரிமுத்து கேட்டதன் பேரில் என்று ஒரு வரி சேர்த்தேன். நான்காவதில், "பதிவு நடைமுறையில் ஏற்பட்ட விடுபாடு காரணமாக" என்று ஆகியிருந்தது. நான்கு பக்கம். மாலை வரை எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் வைதேகி என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. இலையில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

திங்கள்

வழக்கமான பஸ்ஸிலேயே கிளம்பினேன். ஒரு பஸ் முன்னதாகப் போயிருக்கலாம், போகவில்லை. கடிதம் பையில் இருந்தது. மடங்கக் கூடாது என்று ஃபைலில் வைத்திருந்தேன்.

சத்திரத்தில் பஸ் மாறும்போது, பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாகச் சில பெண்கள் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் மாலை, வாழையிலையில் சுற்றியது. "பூசை பத்து மணிக்குங்க, சீக்கிரம்" என்றாள். அவர்கள் பிலோமினாவின் பூசைக்குத்தான் போனார்களா, வேறு எதற்கோவா, தெரியாது. நான் மணியைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

திட்டிவாசலில் கையெழுத்துப் போட்டபோது பத்து மணி ஐந்து நிமிடம். கண்காணிப்பாளர் பதினொன்றுக்கு வந்தார்.

நான்கு பக்கத்தையும் படித்தார். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்ப முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்துக் காலையில."

"நேத்து ஒரு போன் பண்ணியிருந்தா வீட்டுலயிருந்தே ஆர்டர் போட்டிருப்பேனே வாத்தியாரே."

காலி ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"எதுக்குப் பயந்தீங்க? ஓட்டை ஸ்பானருக்கு எவன் மெமோ குடுப்பான்?" பதிவேட்டை வாங்கி, சிவப்பு மையில் இருந்த வரியைக் குறுக்கே அடித்தார். ஓரத்தில் 'பழுது, கழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப அனுப்பிச்சாலும் பூசை முடிஞ்சிருக்கும்" என்றார்.

என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட்டது. எந்தக் கேள்வியும் இல்லாமல்.

புதன்

சவரிமுத்து பட்டறையில் இருந்தார். ஒரு மொபெட்டின் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க ஏன் அன்னிக்கே சொல்லலை? நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே."

நிமிரவில்லை. "நான் சொன்னா கைதி சொல்றது சார். வண்டியும் வெளிய போயிடுச்சு, காட்டறதுக்கு இல்லை. நீங்க சொன்னாத்தான் அது பதிவு. நீங்க சொல்வீங்கன்னு நின்னேன்."

"மறந்துட்டேன் சவரிமுத்து."

"மறந்திருப்பீங்கன்னு எனக்குத் தோணல சார். நீங்க எதையும் மறக்க மாட்டீங்களே." செயினைத் திருப்பிப் போட்டார். "ஏதோ காரணமாத்தான் சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சேன். நெனச்சுட்டு விட்டுட்டேன்."

சனிக்கிழமை மறந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்ததை அவரிடம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. இந்த இதழ் சிறை நூலகத்துக்குப் போகிறது என்று அறிவேன். இப்படித்தான் சொல்ல முடிகிறது.

பிலோமினாவைப் பீடத்துக்குக் கூட்டிப் போனது விடுதியில் சமையல் செய்கிற ஓர் அம்மாளாம். ஒரு பக்கம் அந்த அம்மாள், மறுபக்கம் யாரும் இல்லை. வடக்கே ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் பிலோமினா மனுப் போட்டு அப்பாவைப் பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும், கால் மணி நேரம். ஜெபப் புத்தகத்துக்குள் பேப்பர் துணுக்கு ஒன்றை வைத்திருந்தாளாம். அதே படம். நான் என் டைரியில் ஒட்டிய படம்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்கப்பான்னு கேட்டுச்சு சார்," என்றார் சவரிமுத்து. "நான் எங்க அதுல? அந்த ஐயா ஷூதான் இருக்கு. ஷூவுக்குக் கீழ விரலை வெக்கச் சொல்லி, இந்த லிவரு நாந்தாம்மா செஞ்சேன்னு காட்டினேன்."

அந்த வண்டி இப்போது தில்லைநகர்ப் பக்கம் ஒரு காபிக் கடையில் கண்ணாடிக்குள் நிற்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். இளைஞர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். லிவரைக் குனிந்து பார்த்தேன். குத்திய எண் பெயின்டுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. காபி குடிக்காமல் வந்துவிட்டேன்.

பலகைக்குப் புது ஸ்பானர் வந்துவிட்டது. அதே பதினேழாம் நம்பர், அதே முப்பத்தொன்று. பலகைக்குப் பொறுப்பு இன்னமும் சவரிமுத்துதான். வேறு வேலைக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

திங்கள், புதன், சனி மாலை ஐந்து மணிக்குப் பலகை முன் நிற்கிறோம். ஒன்று இருக்கு, இரண்டு இருக்கு. அவரே எண்ணைச் சொல்லி அவரே "இருக்கு" என்கிறார். முப்பதுக்கு அப்புறம் "முப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார். ஸ்பானர் ஆணியில் தொங்குகிறது. அவருக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. அவர் சொல்வதில்லை. குரலில் கோபம் இல்லை, முகத்தைத் திருப்புவதுமில்லை. காத்துக்கொண்டு நிற்கிறார்.

நான் பலகையருகே போய், அதைக் கையால் தொட்டுப் பார்த்து, "இருக்கு" என்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அவர் முப்பத்திரண்டுக்குப் போகிறார்.